ஒட்ஸ்கரே: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. 2023-ல் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பினார்கள். கூட வேலை பார்த்தவர், 'பீஸ்' என்ற இரண்டு பேர் ராக் குழுவின் 35-ஆம் ஆண்டு ஸ்டேடியம் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. எந்த இடத்தில் கை தூக்க வேண்டும், எங்கே குதிக்க வேண்டும் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர்கூடப் போனை எடுக்கவில்லை. முடியும்போது மொத்தக் கூட்டமும் ஏதோ ஒரு சொல்லைக் கத்திவிட்டுக் கலைந்தது. பள்ளிக்கூட டிரில் பார்த்த மாதிரி இருந்தது. ஆண்டுவிழாக் கச்சேரிகளை நீங்கள் ஒருமுறை 'பென்ஷன் வசூல்' என்று எழுதியிருந்தீர்கள். அறுபதை ஒட்டிய வயதில் முப்பது வருடப் பழைய பாட்டுகளை வைத்து ஸ்டேடியத்தை நிரப்புவதும் அதுதானே? நம்மூரில் செய்தால் கிண்டல், ஜப்பானில் செய்தால் கலாசாரமா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

எழுதினேன், மறுக்கவில்லை. கொஞ்சம் வாய்த்துடுக்கோடு எழுதிய கட்டுரை அது. ஆனால் நீங்கள் அதை நீட்டும் ஆட்கள் சரியில்லை.

முதலில் பெயர். 'பீஸ்' என்று தமிழில் எழுதினால் பிரியாணியில் வருவது போலத்தான் இருக்கிறது, வேறு வழியில்லை. கிதார் தாக் மாட்சுமோடோ, குரல் கோஷி இனாபா. நீங்கள் பார்த்த வருடம் ஒருவருக்கு 62, மற்றவருக்கு 58. 1988 செப்டம்பர் 21-ல் இவர்களுடைய முதல் சிங்கிள் வந்தது. தரவரிசைப் பக்கமே அது எட்டிப் பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1998-ல் வந்த தொகுப்பு ஆல்பம் ஒன்று மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இனாபா கணக்கு வாத்தியாராகப் போக வேண்டியவர், அதற்கான படிப்பை முடித்து ஆசிரியர் தகுதியும் வாங்கியவர். மாட்சுமோடோ அமெரிக்கக் கிதார் கலைஞர் லாரி கார்ல்டனோடு சேர்ந்து செய்த ஆல்பத்துக்கு 2011-ல் கிராமி கிடைத்தது. பழைய பாட்டை மட்டும் வைத்துப் பிழைக்க வேண்டிய கட்டாயம் இரண்டு பேருக்கும் கிடையாது.

இவர்கள் தங்கள் கச்சேரிக்கு வைத்திருக்கும் பெயரே 'லைவ்-ஜிம்'. உடற்பயிற்சிக் கூடம்! வழக்கமாகப் புது ஆல்பம் வந்தால் அதற்கொரு சுற்றுப்பயணம், அதில் புதுப் பாட்டுகளுக்குத்தான் முதலிடம். பிடித்த பழைய பாட்டு வரவில்லையே என்று ரசிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவதும் உண்டு. எல்லாக் காலத்துப் பாட்டுகளையும் எடுத்துப் போடும் கச்சேரிக்கு 'பிளெஷர்' என்று தனிப் பெயர். 2003-க்குப் பிறகு அது ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான்: 2008, 2013, 2018, 2023. வருடம் முழுக்கக் கடை திறந்திருக்கிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருவிழா. பென்ஷன்காரரின் கணக்கு இப்படி இருக்காது.

2003-ல் பிளெஷர் சுற்றின் கடைசிக் கச்சேரி ஹமாமட்சு பக்கம் நாகிசாஎன் என்ற ஏரிக்கரைத் திடலில் நடந்தது. மேலே கூரை கிடையாது. புயல் மழை கொட்டியது. நனைந்துகொண்டே பாடினார்கள், ஜனங்களும் நனைந்துகொண்டே நின்றார்கள். பிறகு அதை டிவிடியாகப் போட்டபோது வைத்த பெயர் '15-ஆம் எண் புயல்'. ஜப்பானில் புயலுக்கு எண்தான் வழக்கம். நம் ஆட்களாக இருந்தால் மழை வந்த பகுதியை எடிட்டிங்கில் வெட்டியிருப்பார்கள்.

2018 செப்டம்பரில் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காக நான் டோக்கியோவில் இருந்தேன். 30-ஆம் ஆண்டு பிளெஷர் நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் முதல் தேதி ஃபுகுஓகாவில் இனாபாவுக்குப் பாட்டின் நடுவே தொண்டை கட்டிக்கொண்டது. உச்சத்தில் நின்று கத்திப் பாடுவதுதான் அவர் பாணி, அதற்குக் குரல் மறுத்துவிட்டது. கூட்டத்திடம் நிலைமையைச் சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மீதியை முடித்துக் கொடுத்தார்கள். பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைத்திருந்தால், ஸ்டேடியத்தின் பின்வரிசையில் யாருக்குத் தெரியப்போகிறது? அதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

மூன்று வாரம் கழித்து, முதல் சிங்கிள் வந்து சரியாக முப்பது வருடம் ஆன 21-ஆம் தேதியும் அடுத்த நாளும், டோக்கியோவின் மேற்குப் பகுதியில் உள்ள அஜினோமோடோ ஸ்டேடியத்தில் சுற்றின் கடைசிக் கச்சேரிகள் நடந்தன. குலுக்கலில் டிக்கெட் விழுந்திருந்த நண்பர் ஒருவர் என்னை 22-ஆம் தேதிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருடைய கழுத்துத் துண்டு 2008 கச்சேரியில் வாங்கியது, சலவையில் எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. புதுத் துண்டு வாங்கவும் வரிசையில் நின்றார். அந்த வரிசையில் நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். வசூல் இல்லை என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே வசூல்.

டிரில் என்றீர்கள். 2001-ல் ஃபுகுஓகா உலக நீச்சல் போட்டிக்கு என்று வந்த 'அல்ட்ரா சோல்' பாட்டில் ஓரிடத்தில் எல்லோரும் 'ஹாய்!' என்று கத்திக் குதிப்பார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும். எனக்கு முன்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா நின்றிருந்தார். கைப்பையைக் குறுக்காக மாட்டி, குதிக்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டார். குதித்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. இது டிரில் இல்லை எஸ். பல வருடம் குதித்துக் கண்ணாடியை உடைத்துக் கற்றுக்கொண்ட பாடம் மாதிரி இருந்தது.

கடைசியில் அவர்கள் கத்திய சொல் 'ஒட்ஸ்கரே'. இனாபா 'சே... நோ' என்று எடுத்துக் கொடுப்பார், நம் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' மாதிரி. மேடையும் கூட்டமும் ஒரே நேரத்தில் கத்தும். களைத்துப் போயிருப்பீர்கள் என்பது அதன் வேர்ப்பொருள். உங்கள் ஜப்பானிய சகாக்கள் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது தினமும் உங்களிடம் சொன்ன 'ஒட்ஸ்கரேசமா'வின் சுருக்கம்தான். நமக்கு இதற்குச் சொல் கிடையாது. 'வரட்டுமா' என்போம், 'பார்க்கலாம்' என்போம். கூட உழைத்தவனின் களைப்பை வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் வழக்கம் நம் ஆபீஸ்களில் இல்லை. ரசிகர்கள் கலைஞனுக்கு நன்றி சொல்வது எல்லா ஊரிலும் நடக்கும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே ஷிப்ட் முடித்தவர்களைப் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கொரோனா நாட்களில் ஜப்பானிய அரங்குகளில் ரசிகர்கள் குரல் எழுப்பத் தடை இருந்தது, கைதட்டல் மட்டும்தான். அதெல்லாம் விலகிய பிறகு வந்த பிளெஷர் நீங்கள் பார்த்தது. உங்கள் காதில் விழுந்த சத்தத்தில் அந்தப் பாக்கியும் சேர்ந்திருக்கும்.

வேலையை விட்டவனுக்குத்தான் பென்ஷன். இவர்கள் இன்னும் சம்பளத்தில் இருக்கிறார்கள், அதனால் அந்த வார்த்தையை இவர்கள் விஷயத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றவர்கள் விஷயத்தில் இல்லை.

கச்சேரி முடிந்ததும் பிளாக் பிளாக்காகத்தான் வெளியே விட்டார்கள். எங்கள் முறை வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். டோபிடாக்யூ ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு பையன், கல்லூரி மாணவனாக இருக்கலாம், ஒளிரும் தடியை ஆட்டி, நின்றுவிடாமல் நடங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றான். அவனைத் தாண்டும்போது என் நண்பர் லேசாகத் தலையைத் தாழ்த்தி 'ஒட்ஸ்கரேசமா' என்றார். பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். அவன் தடியை ஆட்டுவதை நிறுத்தவில்லை.