சோபாவுல படுக்குறது யாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க

கேள்வி: அக்கா, நாங்க திருச்சியில மூணாவது மாடி ஃபிளாட்ல இருக்கோம். ரெண்டு பெட்ரூம், ஒண்ணு எங்களுக்கு, இன்னொண்ணு ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு. போன வருஷம் மாமா தவறினப்புறம் ஊர்ல தனியா இருந்த அத்தையை இங்க கூட்டிட்டு வந்துட்டோம், கூடவே அவங்க வளர்த்த பூனை செவலையும் வந்துடுச்சு. தீபாவளிக்கு 42,000 ரூபா போட்டு சோபா வாங்கினோம், ரெண்டே மாசத்துல கைப்பிடி ரெண்டையும் பஞ்சு தெரியுற அளவுக்குப் பிறாண்டி வெச்சிருக்கு. தண்ணி அடிச்சுப் பார்த்தேன், மிளகாய்ப்பொடி தூவிப் பார்த்தேன், கேக்கல. ராத்திரி அத்தை சோபாவுலதான் படுக்குறாங்க, அதுவும் அவங்க காலடியிலயே சுருண்டுக்குது, ஹாலை விட்டு நகர மாட்டேங்குது. ஊர்ல கயித்துக் கட்டிலைத்தான் பிறாண்டுமாம், அதை இங்க வெச்சா பார்க்க நல்லாருக்காதுன்னு பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டோம். நகத்தையே எடுத்துடுற ஆபரேஷன் இருக்காமே? இவர் என்னடான்னா சாக்குல கட்டி காந்தி மார்க்கெட்ல விட்டுடலாம்ங்கிறார். என்ன பண்றது?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தங்கச்சி, பூனை சோபாவைப் பிறாண்டுதுன்னு எனக்கு எத்தனையோ லெட்டர் வந்திருக்கு, எல்லாத்துலயும் சோபா விலை கரெக்டா எழுதியிருக்கும். உங்க லெட்டரை நான் திரும்பத் திரும்பப் படிச்சதுக்குக் காரணம் வேற. 'ராத்திரி அத்தை சோபாவுலதான் படுக்குறாங்க'ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டு அடுத்த வார்த்தையிலயே பூனைக்குத் தாவிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு ஆறல. மிளகாய்ப்பொடி தூவினேன்னு எழுதியிருக்கீங்களே, அன்னைக்கு ராத்திரி அந்த சோபாவுல தலை வெச்சுப் படுத்தது யாரு? அத்தைக்குக் கண்ணு எரிஞ்சிருக்காதா, எரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களா? பூனையும் பாதத்தை நக்கி நக்கித்தான் சுத்தம் பண்ணும், அந்தப் பொடி வாய்க்கும் போகும் கண்ணுக்கும் போகும். இன்னைக்கே சோபாவைத் தட்டி ஈரத்துணியால நல்லா துடைச்சிடுங்க. அடுத்து யாராவது அந்துருண்டை வைக்கச் சொல்லுவாங்க, அது பூனைக்கு விஷம், வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க.

செவலை உங்க மேல இருக்கிற கோவத்துல ஒண்ணும் பிறாண்டல. பூனை நகத்துக்கு மேல ஓடு மாதிரி ஒண்ணு வளரும், அதைக் கழட்டிப் போட ஏதாவது ஒண்ணைப் பிறாண்டியே ஆகணும். தூங்கி எந்திரிச்சதும் முதுகை நீட்டி சோம்பல் முறிக்கிறதும் அதுலதான். அதுக்கு மேல அது பாதத்துல ஒரு வாசனை சுரக்குது, பிறாண்டுற எடத்துல அந்த வாசனை ஒட்டிக்கும், இது என் எடம்னு எழுதி வைக்கிற மாதிரி. அதனாலதான் தான் தூங்குற எடத்துக்குப் பக்கத்துலயே பிறாண்டும். எங்கம்மா வீட்டுல முருங்கை மரத்தோட அடியில ஒரு முழ உயரத்துக்கு பட்டையே இருக்காது, எல்லாம் பூனை வேலை, யாரும் கவலைப்பட்டதில்ல. மூணாவது மாடியில முருங்கைக்கு அது எங்க போகும்? அதுக்குன்னு இருந்தது ஒரே ஒரு கயித்துக் கட்டில், அதையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டாச்சு. இப்ப அதோட மனுஷி எங்க படுக்குறாங்களோ அங்க அது படுக்குது, எங்க படுக்குதோ அங்க பிறாண்டுது, இதுல பூனை மேல என்ன தப்பு சொல்லுங்க.

அந்தக் கட்டில் பூனைக்கு மட்டுமா கட்டில்? எத்தனை வருஷமா அதுல படுத்துப் பழகின உடம்பு அது, புருஷனைப் பறிகொடுத்துட்டு வீட்டையும் விட்டுட்டு வந்தவங்க கூட எடுத்துட்டு வர இருந்ததே ஒரு பூனையும் ஒரு கட்டிலும்தான், அதுல ஒண்ணைப் பார்க்க நல்லாருக்காதுன்னு போட்டுட்டீங்க, இன்னொண்ணை சாக்குல கட்டலாமான்னு யோசிக்கிறீங்க. சோபாவுல வயசானவங்க கால் நீட்ட முடியுமா? நீங்க எல்லாரும் டிவியை அணைச்சு எந்திரிச்சுப் போற வரைக்கும் அவங்க தூக்கத்தோடயே உக்கார்ந்திருக்கணும், காலைல பால்காரர் பெல் அடிக்கிறதுக்குள்ள போர்வையை மடிச்சு ஒளிச்சு வெச்சிடணும். யாராவது விருந்தாளி வந்தா எங்க போவாங்க? பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்தா மட்டும் போதாது, படுக்க ஒரு எடமும் குடுக்கணும், அது நாம செய்ற உபகாரம் இல்ல, கடமை. ஒன்பதாவது படிக்கிற பையன் பாட்டி கூட ஒரே ரூம்ல படுக்குறதால அவன் படிப்பு கெட்டுடாது, நாங்கெல்லாம் பாட்டி பக்கத்துல படுத்து வளர்ந்தவங்கதான். அந்த ரூம்ல இந்த வாரமே ஒரு கட்டில் போடுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இந்தப் பக்கத்தைக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அவரைப் பெத்தவங்கதான் ஹால்ல படுக்குறாங்க, அவருக்கு மார்க்கெட் ஞாபகம் வருதே தவிர அது ஏன் தோணல?

மார்க்கெட்ல விடுற பேச்சே வேணாம். வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தது, அங்க இருக்கிற நாய்க்கும் மத்த பூனைக்கும் நடுவுல ஒரு வாரம் தாங்காது. பசியும் தாகமுமா தவிக்கட்டும்னு வளர்த்த பிராணியைக் கொண்டு போய் விடுறது 1960-லயே வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குத்தம். அந்த ஆபரேஷன்ல நகத்தை மட்டும் எடுக்குறதில்ல, ஒவ்வொரு விரலோட கடைசி எலும்பையே வெட்டி எடுக்குறாங்க, உங்க விரலை முதல் கணுவோட நறுக்கின மாதிரி. பல நாட்டுல தடை பண்ணிட்டாங்க. மறந்துடுங்க.

இனி செய்ய வேண்டியதைக் கேட்டுக்கங்க. கிட்டத்தட்ட மூணடி உயரத்துக்கு ஒரு மரக்கட்டை, அதை கனமான பலகை மேல ஆடாம அடிச்சு நிறுத்தி, மேலருந்து கீழ வரைக்கும் தேங்காய் நார்க் கயிறை இடைவெளி இல்லாம இறுக்கிச் சுத்துங்க. பூனை முன்னங்காலைத் தூக்கி முழு உடம்பையும் நீட்டணும், அதுக்குத்தான் அந்த உயரம். ஒரு தடவை ஆடினாலும் பயந்துக்கிட்டு திரும்ப வரவே வராது, அதனால அடிப்பலகையில கஞ்சத்தனம் வேணாம். மொதல்ல அதை சோபாவோட பிறாண்டின கைப்பிடிக்கு ஒட்டியே வைங்க, மூலையில ஒதுக்கினா சீண்டாது. குப்பைமேனியை வேரோட புடுங்கி வேரை நசுக்கி அந்தக் கயித்துல தேய்ங்க, பூனைவணங்கின்னு அதுக்கு இன்னொரு பேரே இருக்கு, அந்த வேர் வாசனைக்குப் பூனை எங்க இருந்தாலும் வந்து உருளும். தேய்ச்சா போதும், தின்னக் குடுக்க வேணாம். அது பாதத்தைப் பிடிச்சு இழுத்து கயித்துல வெச்சுத் தேய்க்காதீங்க, தானா வரணும். சோபா கைப்பிடி மேல கொஞ்ச நாளைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பை ஒட்டி விடுங்க, பாதத்துல ஒட்டுறது பூனைக்குப் புடிக்காது. தண்ணி அடிக்கிறதை நிறுத்துங்க, நீங்க இல்லாத நேரம் பார்த்துப் பிறாண்டத்தான் அது கத்துக்கும்.

நகத்தை ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை நுனி மட்டும் வெட்டலாம். முன்னங்காலுக்கு அஞ்சு, பின்னங்காலுக்கு நாலு, மொத்தம் 18 நகம். பகல் வெளிச்சத்துல உக்கார்ந்து பாதத்தை மெதுவா அமுக்கினா நகம் வெளிய வரும், உள்ள ரோஸ் கலர்ல தெரியுறது ரத்தக் குழாய், அது கிட்டயே போகாம கண்ணாடி மாதிரி இருக்கிற முனையை மட்டும் வெட்டுங்க. நீங்க புடிச்சா அது நிக்காது, அத்தை மடியில போட்டுப் புடிக்கச் சொல்லுங்க. மிளகாய்ப்பொடி விஷயத்துக்கு ஒரு வார்த்தை மன்னிப்பும் அப்பவே கேட்டுடுங்க.

அத்தைக்குக் கட்டில் போட்டு செவலையும் அந்த ரூமுக்குப் போனதும் மரக்கட்டையையும் அங்க கொண்டு போயிடுங்க. கட்டிலோட கால்மாட்டுப் பக்கமா வைங்க, தலைமாட்டுல வெச்சா விடியக்காலைல அது பிறாண்டுற சத்தத்துல அவங்க தூக்கம் கெடும்.