ஒரே ஒரு அடி, அதுக்குப் போட்டிய விட்டே தூக்குவாங்களா?

கேள்வி: அண்ணா, பையன் பத்தாவது படிக்கிறான், பெங்களூர்ல ஜூனியர் கோல்ஃப் போட்டி ஆடினான். ஏழாவது ஹோல்ல (குழில) பந்தப் போட மட்டையால 6 அடி அடிச்சான், மார்க்கரா, அதாவது இவன் கணக்க கார்டுல எழுதறவனா இருந்த அவன் ஃப்ரெண்டு 5னு எழுதிட்டான், இவனும் பாக்காம சைன் போட்டுட்டான். டிஸ்குவாலிஃபை! ஒரு அடி கூட்டிக்கிட்டா போதாதா? இப்ப ரெண்டு பேரும் பேசுறதே இல்ல. - ஒரு அம்மா, ஓசூர்

பதில்: வயிறு எரியத்தான் செய்யும்மா. ஆனா கோல்ஃப்ல ஒவ்வொருத்தர் பின்னாடியும் அம்பயர் வரமாட்டாரு, கார்டுதான் சாட்சி, அதனாலதான் இவ்ளோ கறார். குறைஞ்ச அடில முடிக்கறவங்கதான் ஜெயிப்பாங்க, அதனால குறைச்சு எழுதி சைன் போட்டா அவுட், கூட்டி எழுதிட்டா அந்தக் கூடுதல் நம்பரே நிக்கும். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டில ராபர்ட்டோ டி விசென்சோங்கிற ஆட்டக்காரர் 17வது ஹோல்ல அடிச்சது 3, மார்க்கர் எழுதினது 4, பாக்காம சைன் போட்டதால சமமா முடிஞ்சு பிளேஆஃப் (ஜெயிக்கறது யாருன்னு முடிவு பண்ற கூடுதல் ஆட்டம்) ஆட வேண்டிய மனுஷன் ஒரு அடில தோத்தாரு.

எனக்கே ஒப்பாதது ஜாக்கி பங்ங்கிற ஆட்டக்காரம்மா கதைதான். 1957 யுஎஸ் விமன்ஸ் ஓப்பன், கார்டுல ஒரு ஹோல்ல 6க்கு பதிலா 5னு இருந்துச்சு, ஆனா கீழ மொத்தம் சரியா இருந்துச்சு, ஜெயிச்ச அம்மாவ வெளிய அனுப்பிட்டாங்க. கூட்டல் போடறது கமிட்டி வேலை, ஹோல் ஹோலா சரியா இருக்கணும்கிறதுதான் ஆட்டக்காரர் பொறுப்புன்னு சட்டம், சரி, ஆனா இதுல யாரு என்னத்த ஏமாத்தினாங்க?

தனக்கே தெரியாம ஒரு பெனால்டி (விதி மீறினா கூட்டற தண்டனை அடி) விழுந்து அத சேக்காம விட்டிருந்தா இப்பல்லாம் தூக்கறதில்ல, அந்த அடிய மட்டும் கூட்டிக்குவாங்க. உங்க பையனுக்கு இது பொருந்தாது, 6 அடிச்சது அவனுக்கே தெரியும்ல.

எங்க அப்பா கிருஷ்ணகிரி மண்டிக்கு பெங்களூரா மாங்கா லோடு கொண்டு போவாரு. ஒரு வாட்டி எடைச் சீட்டுல ஒரு வரி விட்டுப்போச்சு, அவசரத்துல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாரு, மறுநாள் போய்க் கேட்டா "நீங்கதானே போட்டிருக்கீங்க"ன்னு சீட்டத் திருப்பிக் காட்டினாங்க. அதுக்கப்புறம் வண்டி ஹார்ன் அடிச்சாலும் சரி, வரி வரியா விரல வெச்சு வாய்விட்டுப் படிச்சுட்டுதான் பேனாவ தொடுவாரு.

பையனையும் அப்படியே பண்ணச் சொல்லுங்க. ஒவ்வொரு ஹோல் முடிஞ்சதும் மார்க்கர்கிட்ட நம்பர சத்தமா சொல்லணும், கடைசில ரெண்டு பேரும் உக்காந்து 18 ஹோல் நம்பரையும் ஒத்துப்பாக்கணும். ஃப்ரெண்டு வேணும்னே தப்பா எழுதியிருந்தா அவனையும்தான் தூக்கியிருப்பாங்க, அது கை தவறினது, விடுங்க. அடுத்த தடவ பெங்களூர் போறப்ப அவனையும் உங்க வண்டிலயே ஏத்திக்கோங்க, அத்திப்பள்ளி டோல் தாண்டறதுக்குள்ள தானா பேசிக்குவானுங்க.