கத்தி என்ன விலைக்குப் போகும்?

ஆன்லைன் விளையாட்டுப் பொருள்களை நிஜக் காசுக்கு வாங்கி விற்பது பற்றி இந்த முறை மூன்று கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் என்னிடம் ஏகே-47 ரெட்லைன் ஸ்கின் (துப்பாக்கியின் வண்ண அலங்காரம்) ஒன்று இருக்கிறது. அதே பெயர், அதே தரம் கொண்ட ஒன்றை யாரோ 60 டாலருக்குப் போட்டிருக்கிறார். நண்பன் ஒருவன் என்னுடையதைக் கேட்டான். நானும் 60 சொன்னேன். 25க்கு மேல் தர மாட்டேன் என்கிறான். நான் அவனை ஏமாற்றப் பார்க்கிறேன் என்று கோபம் வேறு. எதுதான் நியாயமான விலை?

நண்பர் மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் பார்த்த 60, ஒருவர் கேட்கிற விலை. அந்த விலைக்குப் பொருள் கைமாறியதா என்பதுதான் கேள்வி. இந்த விளையாட்டு ஓடும் ஸ்டீம் தளத்தின் சந்தையில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே விற்பனை வரைபடம் இருக்கும். உண்மையில் நடந்த விற்பனைகள் மட்டுமே அதில் வரும். கடைசி ஒரு மாதத்தைப் பாருங்கள். கோடு எந்த உயரத்தில் படுத்திருக்கிறதோ அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

அப்புறம், 'அதே தரம்' என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தேய்மான எண் உண்டு. விளையாடுகிறவர்கள் அதை ஃப்ளோட் என்பார்கள். 0.15 முதல் 0.38 வரை இருந்தால் எல்லாவற்றுக்கும் 'ஃபீல்டு டெஸ்டட்' என்ற ஒரே பெயர்தான். ஆனால் 0.16 உள்ள ரெட்லைனையும் 0.37 உள்ளதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் சிவப்புக் கோடுகள் பளிச்சென்று இருக்கும். இரண்டாவதில் கீறல் விழுந்து மங்கியிருக்கும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அதனால் 0.15ஐ ஒட்டி இருப்பதற்குக் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த 60 டாலர்காரருடைய துப்பாக்கியில் பழைய, அரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டிக்கரின் தனி விலையை அப்படியே மேலே ஏற்ற முடியாது. ஒட்டிய பிறகு அதன் மதிப்பில் சிறு பங்குதான் தங்கும்.

சரி, இனி கணக்குக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை நியாயமான விலை என்பது விற்றவர் கைக்கு வந்து சேரும் தொகையில் தொடங்குகிறது. ஸ்டீமில் கவுன்டர் ஸ்ட்ரைக் பொருளை விற்றால் ஸ்டீமுக்கு 5 சதவீதம், விளையாட்டுக்கு 10 சதவீதம் கழிவு. இது உங்களுக்குக் கிடைக்கும் தொகையின் மேல் ஏறும். அதாவது, வாங்குகிறவர் 115 டாலர் கொடுத்தால் உங்களுக்கு 100. அந்த 100கூட ஸ்டீமின் வாலட்டில், அதாவது அங்கேயே செலவழிக்க வேண்டிய கணக்கில்தான் நிற்கும், வங்கிக்கு வராது. அதனால்தான் நேரடிப் பணத்துக்கு விற்கும்போது விலை ஸ்டீம் விலையைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். வாலட்டில் இருக்கும் காசும் சட்டைப்பையில் இருக்கும் காசும் ஒன்றல்ல. வரைபடம் 30 டாலர் என்று காட்டினால், ஸ்டீமில் விற்றாலும் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 26தான். நண்பர் 25ஐ நேரடியாகக் கையில் கொடுக்கிறார் என்றால் அது நல்ல விலை. தாராளமாகக் கொடுங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் இப்படிக் கைக்குக் கை வியாபாரம் செய்யாதீர்கள். பொருள் போன பிறகு, அனுப்பிய பணத்தை அவர் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியும். 2025 முதல் இந்த விளையாட்டில் ட்ரேடையும் (பொருள் கைமாற்றத்தையும்) ஏழு நாளுக்குள் திருப்பிக்கொள்ள வழி வந்திருக்கிறது. அதனால் பணம் கொடுக்கிற நண்பரும் அந்த ஏழு நாளைக்கு உங்களை நம்பியாக வேண்டும். அவருக்கும் பயம் உண்டு, அதையும் மதியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று பார்த்த விலை அடுத்த வாரம் இருக்கும் என்று எண்ணாதீர்கள். 2012 ஜூனில் டயாப்லோ 3 என்ற விளையாட்டு நிஜப் பணத்துக்கான ஏலக் கடையைத் திறந்தபோது என்னிடம் ஒரு நல்ல வில் இருந்தது. 40 டாலர் கேட்டேன். 30க்கு ஆள் வந்தார், நான் கொடுக்கவில்லை. அந்த விளையாட்டில் பொருள்கள் தேய்ந்து அழிவதில்லை. நாளுக்கு நாள் புதிது குவிந்துகொண்டே இருந்தது. மூன்று வாரம் கழித்து அதே வில்லை 10 டாலருக்குத் தள்ளினேன். கடைக் கழிவு 1 டாலர், வெளியே எடுக்க 15 சதவீதம், கைக்கு வந்தது 7 டாலர் 65 சென்ட். 2014 மார்ச் 18 அன்று அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் 2025 அக்டோபரில் இப்படி ஒன்று நடந்தது. அரிய வகையான சிவப்புத் தர ஸ்கின் ஐந்தைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ பெறலாம் என்று ஒரே அப்டேட்டில் விதியை மாற்றினார்கள். கத்தி விலை சரிந்தது, சிவப்பு ஸ்கின்களின் விலை எகிறியது. நிறுவனத்தின் ஒரு வரி அறிவிப்பு போதும். பொருள் நம் இன்வென்டரியில் இருந்தாலும் அதன் விதி நம் கையில் இல்லை.

கேள்வி: ஒரு விளையாட்டில் 300 மணி நேரம் உழைத்துக் கோல்டு (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) சேர்த்திருக்கிறேன். மணிக்கு 2 டாலர் என்றாலும் 600 டாலர் வர வேண்டும். வாங்க வருகிறவர்கள் அதில் பாதிகூடத் தர மறுக்கிறார்கள். உழைப்புக்கு மதிப்பே இல்லையா?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. 300 மணி நேரம் சின்ன விஷயமில்லை. ஆனால் வாங்குகிறவர் நீங்கள் செலவழித்த நேரத்துக்குக் காசு கொடுப்பதில்லை, தனக்கு மிச்சமாகும் நேரத்துக்குக் கொடுக்கிறார். நீங்கள் 300 மணி நேரத்தில் சேர்த்ததை இன்னொருவர் நல்ல வழி தெரிந்து 100 மணி நேரத்தில் சேர்த்தால், விலையை அந்த 100தான் தீர்மானிக்கும். எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளியலாளர் 2001இல் எவர்குவெஸ்ட் விளையாட்டின் ஏல விலைகளைத் திரட்டி, அதற்குள் ஒரு மணி நேர உழைப்பு சுமார் 3.42 டாலர் பெறும் என்று கணக்கிட்டார். அவரும் நடந்த விற்பனையிலிருந்துதான் கூலியைக் கண்டார். நீங்கள் கூலியை வைத்து விலையைக் கேட்கிறீர்கள்.

நிறுவனமே கோல்டுக்கு வழி வைத்திருந்தால் அதுதான் உச்ச வரம்பு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2015 முதல் டோக்கன் உண்டு. 20 டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி, விளையாட்டுக்குள் கோல்டுக்கு விற்கலாம். முறைப்படியே இப்படிக் கிடைக்கும்போது, அதைவிட அதிகம் கேட்டால் யார் வருவார்கள்? இன்னொன்று: இந்த மாதிரி விளையாட்டுகளில் பெரும்பாலானவை வெளியாருக்குக் கோல்டு விற்பதைத் தடைசெய்திருக்கின்றன. பிடிபட்டால் கணக்கே போகும். உங்கள் விளையாட்டின் விதியில் தடை இருந்தால் விலை பேசவே வேண்டாம். உங்கள் 300 மணி நேரமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பிறந்தநாளுக்குக் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 25 பெட்டி திறக்கச் சாவி வாங்கித் தரச் சொல்கிறாள். பெட்டிக்குள் என்ன பொருள் வரும் என்பது அதிர்ஷ்டம். கண்டிப்பாகக் கத்தி விழும் என்கிறாள். விழுமா?

விழ வாய்ப்பு மிகக் குறைவு. 2017இல் சீனாவில் பெட்டிகளின் விகிதங்களை வெளியிட வேண்டியிருந்தது. கத்தி போன்ற அரிய பொருளுக்கு 0.26 சதவீதம் என்று தெரிந்தது. ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒன்று. 25 பெட்டி திறந்தால் ஒரு கத்தியாவது வர 100இல் 6 வாய்ப்பு. மீதி 94இல் பெரும்பாலும் அடிமட்டமான நீலத் தரப் பொருள்கள்தான் குவியும். அவற்றில் பலவற்றைச் சாவியின் விலைக்குக்கூட விற்க முடியாது.

சாவி ஒன்று 2 டாலர் 49 சென்ட். 25 சாவிக்கு 62 டாலர் 25 சென்ட் ஆகும், பெட்டி விலை தனி. மகளைத் திட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பணத்துக்குள் அவளுக்குப் பிடித்த ஸ்கின் ஒன்றைச் சந்தையில் நேராக வாங்கிக் கொடுங்கள். ஃப்ளோட் எண்ணை அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.