செஸ்ஸில் குயின்ஸ் காம்பிட் தொடக்கம்: சிப்பாய் வெட்டிக்கொண்ட பிறகு என்ன ஆடுவது? (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்.)

கேள்வி: டி4 டி5, சி4 இ6, குதிரை சி3, குதிரை எஃப்6. இங்கே டி5-இல் வெட்டினால் கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. வெள்ளைக்கு என்ன லாபம் அண்ணா?

பதில்: 1923 கார்ல்ஸ்பாட் போட்டியின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு இது. எனக்கு மிகப் பிடித்தது. கறுப்பு சி6 ஆடியதும் ராணிப் பக்கம் அவர்களுக்கு மூன்று சிப்பாய், உங்களுக்கு ஏ, பி இரண்டுதான். அந்த இரண்டையும் வைத்து மூன்றை முட்டுவதே மைனாரிட்டி அட்டாக். பி4, பி5 போய் சி6-இல் வெட்டுங்கள். பி7 சிப்பாய் திருப்பி வெட்டும். அதன்பின் சி6-க்குத் துணை நிற்க வேறு சிப்பாய் இல்லை. யானையை சி வரிசையில் வையுங்கள், குதிரை ஏ4 வழியாக சி5-க்குப் போகட்டும். கறுப்பு அதைக் கடைசிவரை காவல் காக்க வேண்டியதுதான். பி5-ஐயே கறுப்பு வெட்டினால் டி5 தனிச் சிப்பாய் (பக்கத்தில் துணைச் சிப்பாய் இல்லாதது) ஆகிவிடும்.

கேள்வி: நானும் பி4 ஆடினேன் சார். கறுப்பு பி5 ஆடிவிட்டது!

பதில்: நல்ல பதில்தான். சி6 பலவீனமாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்புக் குதிரை பி6 வழியாக சி4-இல் உட்கார்ந்துவிட்டால் சி வரிசையே அடைபடும். அந்தக் குதிரை தொலைவில் இருக்கும்போது பி4 ஆடுங்கள். அவசரம் வேண்டாம். பிஷப் டி3, ராணி சி2 முதலில் வரட்டும். இரண்டும் சேர்ந்து எஃப்5-ஐயும் இ4-ஐயும் பார்க்கும். கறுப்பின் பெரிய தலைவலி சி8 பிஷப். அதை எஃப்5-இல் சுலபமாக மாற்றிக்கொள்ள விடக்கூடாது.

கேள்வி: குதிரையை எஃப்3-க்குப் பதில் இ2-இல் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. அப்போது எஃப்3, இ4 என்று நடுவில் கிளம்பலாம். 1952-இல் அப்போதைய உலக சாம்பியன் போட்வின்னிக், கிராண்ட்மாஸ்டர் கெரெஸை வென்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள்.

கேள்வி: பிஷப் ஜி5-இல் இருக்கிறது, கறுப்பு குதிரையை டி7-இல் வைக்கிறது. சிப்பாய்களை வெட்டிக்கொண்டபின் டி5 சிப்பாய் இலவசமா?

பதில்: தொடாதீர்கள்! நீங்கள் குதிரையால் வெட்டினால், கறுப்பும் குதிரையால் வெட்டும். நீங்கள் ஜி5 பிஷப்பால் கறுப்பு ராணியை எடுத்தால், கறுப்பு பிஷப் பி4 செக். செக்கைத் தடுக்க ராணியைத்தான் குறுக்கே வைக்க வேண்டும், அதுவும் போய் உங்களுக்கு ஒரு காய் நஷ்டம்.

கேள்வி: குகேஷ் இதை ஆடியிருக்கிறாரா?

பதில்: 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப், 3-ஆவது ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரன் ஜி6 ஆடி பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் ராணி பி3, அடுத்து ஜி4. ராணிகள் மாறின, பிஷப் சி2-க்கு ஓடி அங்கேயே மாட்டிக்கொண்டது. 37-ஆவது நகர்த்தலில் டிங் நேரம் தீர்ந்து தோற்றார்.