எக்சோசோம் ஊசி: குப்பிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். எக்சோசோம் ஊசி போட்டால் குருத்தெலும்பு மறுபடி வளரும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். ஸ்டெம் செல் மாதிரி உயிருள்ள செல் எதுவும் இதில் கிடையாது, அதனால் ஆபத்தே இல்லையாம். நம்பிப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். எக்சோசோம் பற்றிய அறிவியல் பொய்யில்லை. அவர்கள் வைத்திருக்கும் குப்பியில்தான் சந்தேகம்.

நம் உடம்பின் செல்கள் சவ்வால் சுற்றிய குட்டிக் குட்டிப் பொட்டலங்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒரு வகைதான் எக்சோசோம். அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். 1983இல் முதிராத சிவப்பணுக்களில் இதைப் பார்த்தவர்கள், செல் தனக்கு வேண்டாத புரதத்தைக் கட்டி வெளியே எறிகிறது என்றுதான் நினைத்தார்கள். 2007இல் அந்தப் பைக்குள் ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) இருப்பதும், வாங்கிக்கொண்ட செல் அதை வைத்துப் புரதம் தயாரிப்பதும் தெரியவந்தது. குப்பை என்று நினைத்தது தபாலாகிவிட்டது.

ஸ்டெம் செல் ஆய்வும் இங்கேதான் வந்து சேர்ந்தது. ஊசி போட்ட ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடும். ஆனாலும் திசு கொஞ்சம் தேறும். அப்படியானால் வேலை பார்த்தது செல்லா, அது சுரந்துவிட்டுப் போன சரக்கா? 2010இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எக்சோசோமை மட்டும் பிரித்துக் கொடுத்து, எலிகளில் மாரடைப்பால் வரும் சேதம் குறைவதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே ஆக்ஸ்ஃபோர்டில், எலியின் எக்சோசோம்மேல் மூளைக்கு வழிகாட்டும் புரதத்துண்டு ஒன்றைப் பொருத்தி, உள்ளே மரபணுவை அடக்கும் ஆர்என்ஏவை ஏற்றி, ரத்தம் வழியாக மூளைக்கே அனுப்பினார்கள். எலிகளின் மூட்டிலும் குருத்தெலும்புப் பழுது நன்றாக ஆறியிருக்கிறது. ஆனால் அந்த எலிகளின் குருத்தெலும்பில் ஆய்வகத்தில் புதிதாக ஒரு குழியைத் தோண்டித்தான் அந்தப் பழுதை உண்டாக்கியிருந்தார்கள். உங்கள் அம்மாவின் மூட்டு பல வருடமாகத் தேய்ந்தது.

சரி, ‘செல் இல்லை, அதனால் ஆபத்து இல்லை’ என்பது? பாதி உண்மை. எக்சோசோம் பெருகாது, தானே கட்டியாக வளராது. ஆனால் சுத்தம் செய்வது பெரிய தலைவலி. வைரஸும் எக்சோசோமும் ஏறக்குறைய ஒரே அளவு; வைரஸைப் பிடிக்கும் வடிகட்டி எக்சோசோமையும் பிடித்துவிடும். பாக்டீரியா கலந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பொது எச்சரிக்கையே விட்டது: எக்சோசோம் என்று சொல்லி விற்ற பொருளைப் போட்டுக்கொண்ட நெப்ராஸ்கா நோயாளிகள் சிலருக்குக் கடுமையான பாதிப்பு, இப்படிப்பட்ட எந்தப் பொருளுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று.

குப்பிக்கு இத்தனை நூறு கோடி எக்சோசோம் என்ற கணக்கையும் காட்டுவார்கள். வழக்கமாக எண்ணும் கருவி திரவத்தில் மிதக்கும் துகள்களை எண்ணுகிறது. புரதக் கட்டியா, கொழுப்புத் துகளா, எக்சோசோமா என்று அதற்குத் தெரியாது. அப்புறம், செல் வளர்க்கும் திரவத்தில் கன்றுக்குட்டி சீரம் சேர்ப்பது வழக்கம். அந்தச் சீரத்திலேயே எக்சோசோம் ஏராளம். கவனமில்லாத ஆய்வகத்திலிருந்து வரும் குப்பியில் பாதி மாட்டினுடையதாகக்கூட இருக்கலாம்!

அதனால் கிளினிக்கில் கையேட்டைக் கேட்காதீர்கள், அந்தக் குறிப்பிட்ட பேட்ச்சின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எந்த செல்லிலிருந்து எடுத்தது, கொடையாளருக்கு என்னென்ன நோய்த்தொற்றுப் பரிசோதனை செய்தார்கள், கிருமி இல்லை என்பதற்கும் எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) அளவுக்கும் முடிவு எங்கே, எந்த வெப்பநிலையில் வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘இது ஆராய்ச்சி’ என்று சொன்னால் மருத்துவச் சோதனையின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் வாங்கிப் பாருங்கள். முறையான சோதனையில் சோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். பதிவு எண் இல்லாமல் பில் மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அதுவரை எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் காட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி தொடையை இறுக்கிப் பிடித்துவிட்டு மெல்ல இறக்கும் பயிற்சியைத்தான் அனேகமாக முதலில் சொல்லித் தருவார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் முழங்கால் தேய்மான வலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்கு மனிதர்களிடமே நிறைய ஆதாரம் இருக்கிறது.