9 லட்சம் ரூபாய் காலேஜ் சீட்டு வேண்டாம், பையன் பாய்லர் படிக்கட்டும்

போன வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் 40 சென்ட் ரப்பர் விளையின் பத்திரம். பத்திரம் எதற்கு என்று கேட்டேன். "காலேஜ் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும் சாரே. இங்கேருந்து நேரா பேங்குக்குப் போணும்" என்றார்.

அவருக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தோல் உரிக்கும் வேலை. கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்துக்கொண்டால் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான், 600க்கு 412. தாய்மாமனின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதால், அந்த மாமாவே எல்லாம் பேசி முடித்துவிட்டார். வெளியூரில் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், விடுதியோடு சேர்த்து நான்கு வருஷத்துக்கு 9 லட்சம்.

முதல் பத்து நிமிஷம் நானும் வழக்கமான ஆறுதலைத்தான் சொன்னேன். மார்க் ஒன்றும் மோசமில்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவ்வளவு நேரமும் பையன் வாயைத் திறக்கவில்லை. அதைக் கவனித்த பிறகு ஆறுதலை நிறுத்திவிட்டு, "உனக்கு என்ன பிடிக்கும் மக்களே?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். லீவு நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டு போனால், கொட்டை வேகவைக்கும் பாய்லர் பக்கத்தில்தான் நிற்பானாம். அங்கே வேலை பார்க்கும் அண்ணன், உள்ளே நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "வால்வில ஆவி லீக் ஆகும்போ தள்ளித்தான் வெள்ளையாத் தெரியுது சார். ஓட்டைக்குப் பக்கத்தில ஒண்ணுமே தெரியல்ல. அது ஏன்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிக் கேட்டதற்கு அவன் சொன்னது, "எல்லாரும் எடுக்காங்க சார்." அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்த விளையை அடகு வைக்காதீர்கள். 9 லட்சத்துக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால் மாதம் 9000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். தோல் உரிக்கும் கூலியிலும் பால்வெட்டுக் கூலியிலும் இந்தக் கணக்கு நிற்காது. பையன் முதல் சம்பளம் வாங்கும் முன்பே விளை கையை விட்டுப் போகும். அதுவும் அவன் கேட்காத படிப்புக்காக. மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வட்டி கட்டப்போவது மாமா இல்லை.

நர்சிங், வெளிநாட்டு மருத்துவம், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் நான் இங்கே பேசப் போவதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். பாய்லரைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பையன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் புட்டு அவிக்கும்போது குழலின் மேலே வெள்ளையாக எழுவதைத்தான் நாம் ஆவி என்கிறோம். உண்மையில் அது, ஆவி காற்றில் குளிர்ந்து மறுபடி நீர்த்துளியாக மாறிய பிறகு தெரியும் மூட்டம். நிஜமான நீராவி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கிலோகலோரி போதும். அந்த 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோகலோரி வேண்டும். அண்டி ஆபீஸில் கொட்டையை வேகவைப்பது அந்த 540தான். ஆவி கொட்டையின் மேல் பட்டு, நீராகி, தான் வாங்கிவைத்த சூட்டை அங்கே இறக்கிவிடுகிறது. அந்த வேலைக்குச் சாதாரண ஆவியே சரி.

மின்சாரம் எடுக்க அது போதாது. ஆவி தள்ளச் சுழலும் பிளேடுகள் கொண்ட டர்பைன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது. ஆவி அதற்குள் விரிந்து வேலை செய்யச் செய்யக் குளிர்கிறது. ஏற்கெனவே ஈரமான ஆவி என்றால் பாதி வழியிலேயே துளி துளியாகிவிடும். அந்த வேகத்தில் நீர்த்துளி பட்டுப்பட்டே எஃகு பிளேடு அரிக்கப்படும். அதனால் ஆவியைத் தண்ணீரிலிருந்து பிரித்து, வேறு குழாய்களில் விட்டு, மறுபடி நெருப்பின் பாதையில் கொண்டுபோய்ச் சூடேற்றுகிறார்கள். அதுதான் சூப்பர்ஹீட்.

பெரிய ஆலைகளில் இருப்பது வாட்டர் டியூப் பாய்லர். சின்ன பாய்லர்கள் பலவற்றில் குழாய்க்குள் புகை போகும், வெளியே தண்ணீர் நிற்கும். இதில் தலைகீழ், குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு. சர்க்கரை ஆலைக்காரர்கள் "67 கிலோ பாய்லர்" என்று சொல்வார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 67 கிலோ அழுத்தம் என்று பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 284 டிகிரியில்தான் கொதிக்கும். மேலே உள்ள டிரம்மில் ஆவியும் தண்ணீரும் பிரிகின்றன. அங்கிருந்து ஆவி சூப்பர்ஹீட்டர் குழாய்களுக்குப் போய் 490 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. அதாவது கொதிநிலைக்கு மேலே இன்னும் 200 டிகிரி. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகளில் அது 540 டிகிரியை நெருங்கும்.

இந்த வேலையில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பதை மாமாமார்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூப்பர்ஹீட்டர் குழாயைச் சுற்றி ஓடும் வாயு, அந்த எஃகு தாங்கும் சூட்டைவிட அதிகச் சூடானது. குழாயைக் காப்பாற்றுவது உள்ளே ஓடும் ஆவிதான். ஆவி ஓடி ஓடிச் சூட்டை எடுத்துப்போக வேண்டும், நின்றால் குழாய் வெந்து வெடிக்கும். அதனால்தான் பாய்லரைப் பற்றவைக்கும்போது, டர்பைனுக்கு ஆவி போகாத அந்த நேரத்தில், ஒரு வென்ட் வால்வைத் திறந்து ஆவியை வெளியே விடுகிறார்கள். பார்ப்பவருக்கு வீண் செலவாகத் தெரியும். குழாய்க்கு அது உயிர். அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்விலும் இதே யோசனை உண்டு. டிரம்மில் உள்ளதைவிடச் சூப்பர்ஹீட்டரில் உள்ள வால்வை முன்னாலேயே திறக்கும்படி வைப்பார்கள். டிரம் வால்வ் முதலில் திறந்தால் ஆவி அந்த வழியே போய்விடும், சூப்பர்ஹீட்டர் வறண்டுவிடும்.

சூடு கூடிப்போனால் இரண்டு கட்டச் சூப்பர்ஹீட்டருக்கு நடுவில் தூய நீரைத் தூவி இறக்குவார்கள். ஏன் கடைசியில் தூவாமல் நடுவில்? தூவிய துளி முழுவதும் ஆவியான பிறகே டர்பைனுக்குப் போக வேண்டும், இரண்டாம் கட்டக் குழாய்க்கும் பாதுகாப்பு வேண்டும். அந்த நீரில் உப்போ சிலிக்காவோ இருந்தால் குழாயிலும் பிளேடிலும் போய்ப் படியும். டிரம்மில் நீர்மட்டம் ஏறினாலும் இதே ஆபத்துதான், தண்ணீர் ஆவியோடு சேர்ந்து போய்விடும். இறங்கினால் நெருப்பைச் சுற்றிச் சுவராக நிற்கும் நீர்க்குழாய்கள் வறண்டு எரியும். ஆவிப் போக்கு, தண்ணீர் வரத்து, மட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சூப்பர்ஹீட் ஆவி லீக் ஆனால் வெகுதூரம்வரை கண்ணுக்கே தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். பழைய ஆட்கள் கையை நீட்ட மாட்டார்கள். ஆவி முதலில் அதில் படட்டும் என்று விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். பையன் அண்டி ஆபீஸில் கவனித்த விஷயத்தின் பெரிய வடிவம் இது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் அதைப் பார்த்திருக்கிறான். அப்படிப் பார்க்கும் கண்ணை 9 லட்சம் கொடுத்தாலும் வாங்க முடியாது அம்மா.

சரி, வழி என்ன? பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். நாகர்கோவில் கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ எடுக்கட்டும். கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு, சேரும்போதே கேட்டு வாங்குங்கள். டிப்ளமோ முடிந்ததும் ஆலையிலோ மின் நிலையத்திலோ ஓராண்டு அப்ரன்டிஸ். அல்லது நெய்வேலியில் உள்ள தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனத்தில் டிப்ளமோவுக்குப் பிந்தைய அனல்மின் படிப்பு. அதற்குக் கட்டணம் உண்டு, அந்த முடிவை அப்போது எடுத்தால் போதும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான படி. பாய்லரை யார் வேண்டுமானாலும் இயக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் பொறுப்பில் இருக்க வேண்டும். பாய்லரில் சூடு படும் வெப்பப் பரப்பு 1000 சதுர மீட்டரைத் தாண்டினால் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர் உரிய ஆண்டுகள் பாய்லரில் வேலை பார்த்த பின் இந்தத் தேர்வை எழுதலாம். எழுத்துத் தேர்வும் உண்டு, நேரில் கேள்வியும் உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்திருப்பதால், தகுதி, அனுபவ ஆண்டு விவரங்களைச் சென்னையில் உள்ள கொதிகலன் இயக்ககத்திடமே நேராகக் கேளுங்கள். "மூன்று மாதத்தில் பாய்லர் சர்டிபிகேட், கல்ஃப் வேலை" என்று பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை பார்த்த ஆண்டுகளை விலைக்கு வாங்க முடியாது.

கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஷிஃப்ட் வேலை, ராத்திரி விழிப்பு, சூடு, தூசி, காது அடைக்கும் சத்தம். ஆரம்பச் சம்பளம் பெங்களூர்க்காரர் சொல்வதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நம் மாவட்டத்தில் இவ்வளவு பெரிய பாய்லர் இல்லை என்பதால் தூத்துக்குடியோ கரூரோ ஈரோடு பக்கமோ போய்த்தான் ஆக வேண்டும்.

"நிலக்கரியே போகப் போகுதுண்ணு சொல்லுதாங்களே சாரே" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான பயம். ஆனால் ஆவி என்றால் நிலக்கரி மட்டும் இல்லை. சர்க்கரை ஆலை கரும்புச் சக்கையில் ஆவி எடுக்கிறது. காகித ஆலைக்கும் உர ஆலைக்கும் ரசாயன ஆலைக்கும் ஆவி வேண்டும். நமக்குப் பக்கத்திலுள்ள கூடங்குளத்திலும் டர்பைனைச் சுற்றுவது ஆவிதான். அங்கே ஆவி சூப்பர்ஹீட் ஆகாமலே முதல் டர்பைனுக்குப் போகிறது. அதிலிருந்து வெளிவந்ததும் ஈரத்தைப் பிரித்து, மறுபடி சூடாக்கி அடுத்த டர்பைனுக்கு விடுகிறார்கள். பிரச்சினை அதேதான், தீர்வு மட்டும் வேறு. இதைச் சொன்னபோது பையன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அந்த அம்மா அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். "பையன் டிப்ளமோ முடித்த பிறகு ஆசைப்பட்டால் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம், அந்தக் கதவு மூடவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் பேசினால் என் நம்பரைக் கொடுங்கள்" என்றேன்.

ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் பணம் கட்டும் முன், தெரிந்த ஓர் ஆலையில் அனுமதி கேட்டு, பையன் ஒரு முழு ஷிஃப்ட் வாட்டர் டியூப் பாய்லர் பக்கத்தில் நின்று பார்க்க ஏற்பாடு செய்கிறேன். அந்தச் சூட்டையும் சத்தத்தையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், அவன் சொல்வதே முடிவு, வேறு வழி பார்ப்போம். அந்த அம்மா அன்று பேங்குக்குப் போகவில்லை. பத்திரத்தோடு குலசேகரம் பஸ் ஏறினார்கள். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டுக்குப் பையன் மூடிய ஷூ போட்டு, முழுக்கைப் பருத்திச் சட்டையில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.