தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. குத்துச்சண்டை பழகுகிறான், தொழில்முறை வீரனாக வேண்டும் என்கிறான். நான்கு நாள் முன்பு பயிற்சிச் சண்டையில் தலையில் பலமான குத்து விழுந்து, மூக்கில் சிறிது ரத்தம் வந்தது. தலைவலி கூடிக்கொண்டே போகிறது; ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறான். களைப்பு போலிருக்கிறது, பகலிலும் தூங்குகிறான். முகமது அலி போலக் கை நடுக்கம் வந்துவிடுமோ? விலை கூடிய தலைக்கவசம் வாங்கலாமா?
— ஒரு தாய், ராயபுரம்

பதில்: அலியை விடுங்கள், அம்மா. 61 தொழில்முறைச் சண்டைகள் ஆடி ஓய்ந்தவருக்கு 42 வயதில் தெரியவந்த நோய் அது. இணையத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து அறையில் தூங்கியவனைத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்க வேண்டும். கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொன்னேன், உடனே அழைத்துப் போய் ஸ்கேன் எடுங்கள் என்று. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

குத்து விழுந்ததும் தலை சட்டென்று திரும்புகிறது. மண்டைக்குள் மூளை ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. இடையிலுள்ள மெல்லிய சிரைகள் அப்போது கிழியலாம். கசிவு மெதுவாக நடந்தால் முதல் நாள் எழுந்து நடப்பான், சாப்பிடுவான். பிறகுதான் தலைவலி ஏறும், வாந்தி வரும், தூக்கம் அழுத்தும். கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் முனகுகிறானா, பேச்சு குழறுகிறதா, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

ஏன் நேராக? 1991 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ் யூபாங்குடன் மோதிய மைக்கேல் வாட்சன், கடைசிச் சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டதும் தன் மூலைக்குத் திரும்பி, உட்கார்ந்த இடத்திலேயே நினைவிழந்தார். மேடையருகே உயிர்காக்கும் முதல் சிகிச்சைக்கு ஏற்பாடு இல்லை. ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மூளை அறுவை சிகிச்சை செய்யும் இன்னொன்றுக்கு மாற்றினார்கள். உயிர் பிழைத்தார்; உடல் பழையபடி ஆகவில்லை. அவர் தொடுத்த வழக்கில், பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் கவனக்குறைவாக இருந்ததென்று 1999இல் தீர்ப்பு வந்தது; மேல்முறையீட்டிலும் அது நின்றது. உங்கள் மகன் உரிமம் வாங்கிக் கோதாவில் இறங்கினால் மேடையருகே மருத்துவர் இருப்பார். பயிற்சிக்கூடத்தில் யார் இருந்தார்கள்? கேட்டீர்களா?

ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும். நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்கு அதன் வேலை ஓயாது. உள்ளே கசிகிறதா என்று தெரியாத தலைக்கு இதைக் கொடுக்கச் சொன்னது யார்? மருந்துக்கடைக்காரர்தானே!

மூக்கு ரத்தம் நின்றுவிட்டதல்லவா, மறந்துவிடுங்கள். தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை திரும்புவதை அது தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலே மோதினார்கள். அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் தலைவலி முழுவதும் போய், மருத்துவர் எழுதித் தரும்வரை பயிற்சிச் சண்டை கிடையாது. அவனுடைய மாஸ்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவன் சொல்ல மாட்டான்.